பரணில் கிடக்கும் பழைய ரெக்கார்டை எடைக்கு போடலாமா? செல்போனில் சிக்காத பாட்டு அதில் இருக்கலாம்!

மதுரை:

பொங்கலுக்கு வெள்ளையடிக்க பரணை காலி செய்யும்போது பித்தளை அண்டா, ஓட்டை குடத்தோடு சேர்ந்து சில வீடுகளில் கறுப்பு கறுப்பாக வட்ட தட்டுகளும் கீழே இறங்கும். தாத்தா காலத்து கிராமபோன் ரெக்கார்டுகள். போட்டு கேட்க பெட்டி இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. கடைசியில் பழைய இரும்பு, பேப்பரோடு சேர்த்து எடைக்கு போய்விடும்.

எல்லா பாட்டும்தான் செல்போனில் இருக்கிறதே, இந்த குப்பை எதுக்கு என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் பேச்சு. அங்கேதான் விஷயம் இருக்கிறது. எல்லா பாட்டும் செல்போனில் இல்லை. செல்போனில் இருக்கும் பழைய பாட்டிலும் பல, யாரோ ஒருவர் எடைக்கு போடாமல் வைத்திருந்த தட்டில் இருந்து எடுத்து ஏற்றியவைதான்.

உதாரணத்துக்கு நாடக உலகில் கொடிகட்டி பறந்த எஸ்.ஜி.கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளலாம். அவர் 1933-ம் ஆண்டு 27 வயதில் இறந்து போனார். தமிழில் முதல் பேசும் படமான காளிதாஸ் வந்தது 1931-ல். கிட்டப்பா சினிமா பக்கம் வரவே இல்லை. அவர் குரல் தங்கியிருப்பது கிராமபோன் தட்டில் மட்டுமே. தட்டு போனால் கிட்டப்பா போனார், அவ்வளவுதான்.

அந்த காளிதாஸ் படத்தின் பிரதியும் இன்று இல்லை. 1930-களில் வந்த படங்களில் பலவற்றுக்கு இதே கதி. படச்சுருள் தீயிலும் ஈரத்திலும் போய்விட்டது. பல படங்களுக்கு பாட்டு தட்டும், பாட்டு புத்தகமும்தான் மிச்சம்.

என்ன தட்டு அது?

வீட்டில் தட்டு இருந்தால் முதலில் அது எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். மொத்தம் 3 ரகம்.

கெட்டியாக, கனமாக, சுமார் 10 அங்குல அகலத்தில் இருந்தால் அது 78 ரகம். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும். ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம் சொச்சம்தான் பாடும். கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும். வளைத்து பார்த்து சோதிக்கவே கூடாது.

இது பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. தபால் ஆபீசில் பார்சலுக்கு சீல் வைப்பார்களே, அதே அரக்குதான். மரக்கிளையில் பூச்சி கட்டும் அரக்கை எடுத்து, கல் மாவும் கரியும் கலந்து, சூட்டில் அழுத்தி தட்டாக்கினார்கள். உலகம் முழுக்க தட்டு தயாரிக்க அரக்கு போனது பெரும்பாலும் நம் நாட்டில் இருந்துதான். 2-ம் உலகப்போர் சமயத்தில் அரக்கு கிடைக்காமல் அமெரிக்காவில் பழைய தட்டுகளை திரும்ப வாங்கி உருக்கினார்கள்.

மெல்லிசாக, லேசாக வளையும்படி 12 அங்குலத்தில் இருந்தால் எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் பாடும். ஒரு படத்தின் மொத்த பாட்டும் இதில் அடங்கும். அமெரிக்காவில் 1948-ல் வந்தது. 7 அங்குலத்தில் சின்னதாக இருப்பது 45 சுற்று தட்டு. சினிமா பாட்டு 4 இருந்தால் இ.பி. என்பார்கள். இந்த 2 ரகமும் வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை.

தட்டின் மேல் ஊசியால் கோடு போட்ட மாதிரி தெரிவது ஒரே ஒரு பள்ளம். ஓரத்தில் ஆரம்பித்து சுருள் சுருளாக நடு வரைக்கும் போகும். ஒரு எல்.பி.யின் ஒரு பக்கத்து பள்ளத்தை நீட்டி அளந்தால் 400 மீட்டருக்கு மேல் வரும். பள்ளத்தின் சுவரில் இருக்கும் நெளிவுதான் பாட்டு. ஊசி அதில் ஓடும்போது ஆடும். அந்த ஆட்டம் மின்சாரமாக மாறி ஆம்பிளிபயருக்கு போய் ஸ்பீக்கரில் சத்தமாக வரும். சாவி கொடுக்கும் பழைய பெட்டிக்கு மின்சாரமே தேவை இல்லை. ஊசியின் ஆட்டம் ஒரு மெல்லிய தகட்டை அதிர வைக்கும். குழாய் அந்த சத்தத்தை பெரிசாக்கும்.

நாய் மார்க் தட்டு

இந்தியாவில் வியாபாரத்துக்காக பாட்டு பதிவு தொடங்கியது 1902-ல், கல்கத்தாவில். கவுஹர் ஜான் என்ற பாடகியின் குரல் அப்போது பதிவானது. பிறகு கல்கத்தா அருகே டம் டம் என்ற இடத்தில் எச்.எம்.வி. கம்பெனி பெரிய ஆலை போட்டது. மெட்ராசில் பாடியது, டம் டமில் தட்டாகி, ரெயிலேறி மறுபடி மதுரைக்கும் திருச்சிக்கும் வந்து விற்பனையானது. குழாய் முன் நாய் உட்கார்ந்து கேட்கும் படம் லேபிளில் இருப்பதால் ஊர் பக்கம் இதற்கு நாய் மார்க் ரெக்கார்டு என்றே பெயர்.

மதுரைக்கும் இந்த தட்டுக்கும் உறவு அதிகம். மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பாட்டு முதன்முதலில் தட்டாக வந்தது 1926-ல். அப்போது அவருக்கு 10 வயது. மதுரை மணி அய்யர், மதுரை மாரியப்ப சாமிகள் ஆகியோர் பாடிய தட்டுகளும் உண்டு. டி.எம்.சவுந்தரராஜனும் மதுரைக்காரர் என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியது இல்லை.

ஏவி.மெய்யப்பன் சினிமா எடுக்க வருவதற்கு முன்பு சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் ரெக்கார்டு வியாபாரம்தான் செய்தார். பாரதியார் பாட்டுகளை தட்டில் பதியும் உரிமைகூட அவர் கையில் இருந்தது. 1949-ல் அதை அரசாங்கத்துக்கு கொடுத்துவிட்டார்.

வெறும் பாட்டு மட்டும் இல்லை. வள்ளி திருமணம் மாதிரி நாடகங்களும் பல தட்டுகள் கொண்ட செட்டாக வந்தன. ஒரு தட்டு முடிந்ததும் அடுத்ததை மாற்றி மாற்றி போட்டு முழு நாடகத்தையும் கேட்பார்கள். அதில் ஒரு தட்டு உடைந்தால் கதையில் ஒரு காட்சி காலி. இன்று அந்த செட்டுகள் முழுசாக கிடைப்பது அபூர்வம். ஒரு வீட்டில் 3-ம், இன்னொரு வீட்டில் 2-ம் என்று சிதறி கிடக்கும். ஒற்றை தட்டு என்று அலட்சியம் செய்யாமல் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

குழாய் ரேடியோ காலம்

வீட்டில் தட்டு வாங்கி கேட்ட குடும்பங்கள் வசதியானவை. உழைக்கும் சனங்கள் ரெக்கார்டு கேட்டது குழாய் ரேடியோவில்தான். கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை, கட்சி கூட்டம் எதுவானாலும் முதல் நாளே ரேடியோ செட்காரர் மாட்டு வண்டியிலோ சைக்கிளிலோ வந்துவிடுவார். வேப்ப மரத்து உச்சியில் குழாயை கட்டி, திண்ணையில் பெட்டியை வைத்து, சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டில் தொடங்குவார். பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் சாரதா படத்தின் மணமகள் பாட்டு கட்டாயம். அந்த பாட்டு போடாத கல்யாணமே அந்த காலத்தில் கிடையாது.

ரேடியோ செட்காரரை சுற்றி எப்போதும் ஒரு சிறுவர் கூட்டம் நிற்கும். தட்டை துடைத்து கொடுக்கும் வேலை யாருக்கு என்பதில் சண்டையே நடக்கும். திருவிளையாடல், வீரபாண்டிய கட்டபொம்மன் வசன தட்டுகளை போட்டால் ஊரே வாய் திறந்து கேட்கும். சிவாஜி வசனத்தை தலைகீழாக ஒப்பிக்கும் பெரியவர்கள் பலர் படம் பார்த்து கற்றதைவிட, குழாய் ரேடியோவில் கேட்டு கற்றதே அதிகம்.

இந்த தட்டுகளுக்கு ஒரு அடையாளம் உண்டு. கவரிலும் லேபிளிலும் சவுண்ட் சர்வீஸ் பெயர் ரப்பர் ஸ்டாம்பாக குத்தியிருக்கும். நம்பர் போட்டிருக்கும். ஓயாமல் ஓடி ஓடி தேய்ந்திருக்கும். போதாதற்கு ஊசி எகிறாமல் இருக்க தலையில் நாலணா காசை வைத்து ஓட்டுவார்கள். அந்த பாரம் பள்ளத்தையே அரித்துவிடும். ஊர் ஊராக போன தட்டில் கரகர சத்தம் வருவதற்கு காரணம் இதுதான்.

லிஸ்ட் எழுதி கொடுத்த நாட்கள்

1980-களில் கேசட் வந்ததும் நிலைமை மாறியது. விதி படத்தின் கோர்ட்டு வசனம் 1984-ல் டீக்கடை எல்லாம் முழங்கியது கேசட்டில்தான். ஆனால் அப்போதும் ரெக்கார்டு சாகவில்லை. சின்ன ஊரில்கூட ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. 60 நிமிட கேசட் அல்லது 90 நிமிட கேசட் வாங்கி, பிடித்த பாட்டை பேப்பரில் லிஸ்ட் எழுதி கொடுத்துவிட்டு வந்தால், 2 நாள் கழித்து பதிவு செய்து தருவார்கள். கடைக்காரர் பாட்டை எடுப்பது எல்.பி. ரெக்கார்டில் இருந்து. சுவர் முழுக்க இளையராஜா எல்.பி. அடுக்கியிருக்கும். அந்த கவரை பார்ப்பதற்கென்றே பையன்கள் கடை வாசலில் நிற்பார்கள்.

1990-களில் சி.டி. வந்தது. இந்தியாவில் தட்டு அச்சடிப்பதும் நின்றது. ரெக்கார்டிங் சென்டர்கள் செல்போன் ரீசார்ஜ் கடையாகவோ, ஜெராக்ஸ் கடையாகவோ மாறின. தட்டுகள் சாக்கில் ஏறின. இன்று சேகரிப்பவர்கள் கையில் இருக்கும் இளையராஜா தட்டுகளில் கணிசமானவை இப்படி மூடிய கடைகளில் இருந்து வந்தவை. கவரில் பால்பாயிண்ட் பேனாவில் பாட்டு நம்பரை சுழித்திருப்பதை வைத்தே கடை தட்டு என்று கண்டுபிடித்து விடலாம்.

சென்னையில் பழைய தட்டுக்கு பேர் போன இடம் மூர் மார்க்கெட். 1985-ல் அது தீப்பிடித்து எரிந்தது. புத்தகம், ரெக்கார்டு எல்லாம் கருகின. சென்ட்ரல் பக்கம் மின்சார ரெயில் ஏறும் இடத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பெயர் இருப்பது மட்டும்தான் மிச்சம்.

செல்போனில் ஏன் இல்லை?

பாட்டு ஆப்புகளில் ஏற்றுவது உரிமை வைத்திருக்கும் கம்பெனி. கம்பெனியிடம் மூல டேப் இருக்க வேண்டும், விற்கும் என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும். மூடிப்போன சின்ன கம்பெனியின் பாட்டு, ஓடாத படத்தின் பாட்டு, நாடக பாட்டு, நாட்டுப்புற பாட்டு, கட்சி பிரசார பாட்டு எல்லாம் இதில் விடுபட்டு போகும். உரிமை தகராறு வந்தால் நேற்று வரை இருந்த பாட்டு இன்று காணாமல் போவதும் நடக்கிறது.

படத்தில் ஒரு மாதிரியும் தட்டில் ஒரு மாதிரியும் இருக்கும் பாட்டுகளும் உண்டு. 3 நிமிடத்துக்குள் அடக்க வேண்டும் என்பதால் தட்டுக்காக ஒரு சரணத்தை வெட்டியிருப்பார்கள். சில பாட்டு தட்டில் வந்து படத்தில் வராமல் போயிருக்கும். ஆப்பில் ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும்.

இதையெல்லாம் தேடி பிடித்து வைத்தவர்கள் தனி ஆட்கள்தான். சென்னையில் இசை ஆய்வாளர் வி.ஏ.கே.ரங்காராவ் பல்லாண்டு காலம் சேர்த்த இசைத்தட்டுகள் பெயர் பெற்றவை. இலங்கை வானொலியின் ரெக்கார்டு நூலகமும் அப்படித்தான். நம் ஊரில் மறந்த தமிழ் பாட்டை கடல் தாண்டி அங்கே இருந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது.

திரும்பி வந்த மவுசு

உலகம் முழுக்க இப்போது ரெக்கார்டுக்கு மறுபடி மவுசு. அமெரிக்காவில் 2022-ம் ஆண்டு 4 கோடியே 10 லட்சம் தட்டுகள் விற்றன. சி.டி. விற்றது 3 கோடியே 30 லட்சம். சி.டி.யை தட்டு முந்தியது 1987-க்கு பிறகு அதுதான் முதல் தடவை. ஜப்பானின் டெக்னிக்ஸ் கம்பெனி 1972-ல் கொண்டுவந்த பிளேயரை 2010-ல் நிறுத்தியது. கேட்பவர்கள் அதிகமானதால் 2016-ல் மறுபடி செய்ய ஆரம்பித்துவிட்டது. இந்தியாவிலும் மும்பை பக்கம் 2024-ல் தட்டு அச்சடிக்கும் ஆலை தொடங்கியது.

புது தட்டு விலை ஆயிரக்கணக்கில். தினக்கூலி குடும்பத்துக்கு கட்டுப்படியாகாத சமாச்சாரம். அதனால் நம் பக்கம் சேகரிப்பவர்கள் தேடுவது பழைய தட்டைத்தான். 1976-ல் அன்னக்கிளியில் தொடங்கி 1980-கள் கடைசி வரை வந்த இளையராஜா எல்.பி.களுக்குத்தான் அடிபிடி. ஸ்டீரியோவில் பதிவான 1978-ம் ஆண்டு பிரியா படம், 1986-ல் வந்த ஹவ் டு நேம் இட் ஆல்பம் என்றால் சொன்ன விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. இந்த பாட்டெல்லாம் செல்போனில் தாராளமாக கிடைப்பவை. வேறு எங்கும் கிடைக்காத 78 ரக நாடக தட்டை அதே கடையில் யாரும் திரும்பிக்கூட பார்ப்பது இல்லை.

ஒரு பழைய தட்டு லட்சக்கணக்கில் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓடி தேய்ந்த எம்.ஜி.ஆர்., சிவாஜி பட தட்டுகள் நிறையவே கிடக்கின்றன. விலை என்பது தட்டு எவ்வளவு அபூர்வம், கவர் இருக்கிறதா, கீறல் எவ்வளவு என்பதை பொறுத்தது. மொத்தமாக வாங்க வருபவரிடம் கொடுக்கும் முன் ஒவ்வொரு லேபிளையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. என்ன கொடுத்தோம் என்றே தெரியாமல் கொடுத்துவிட்டு பிறகு புலம்புபவர்கள்தான் அதிகம்.

ரெக்கார்டில் சத்தம் உண்மையிலேயே நன்றாக இருக்குமா என்ற கேள்வியும் வருகிறது. சுத்தம் என்று பார்த்தால் சி.டி.தான் சுத்தம். தட்டில் கரகரப்பு உண்டு, தூசி சத்தம் உண்டு, நடுப்பக்கம் போக போக சத்தம் கொஞ்சம் மங்கும். ஆனால் பழைய பாட்டை டிஜிட்டல் ஆக்குகிறோம் என்று சொல்லி புதுசாக மேளம் சேர்த்து, கரகரப்பை எடுக்கிறேன் என்று குரலின் உயிரையும் சேர்த்து எடுத்த வேலைகள் நிறைய நடந்திருக்கின்றன. அன்றைக்கு ஸ்டூடியோவில் பாடியது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் தட்டுதான் சாட்சி.

பெட்டி வாங்குபவர்கள் கவனத்துக்கு...

சூட்கேஸ் மாதிரி இருக்கும் விலை குறைந்த பிளேயர்கள் இப்போது ஆன்லைனில் கிடைக்கின்றன. பார்க்க அழகு. பலவற்றில் ஊசியின் பாரத்தை கூட்டி குறைக்க வழி இல்லை, பாரமும் அதிகம். எப்போதாவது கேட்க பரவாயில்லை. அபூர்வமான தட்டை அதில் ஓட்டக்கூடாது.

பழைய எச்.எம்.வி. பியஸ்டா மாதிரி பெட்டி வீட்டில் இருந்தால் பெரும்பாலும் ரப்பர்தான் போயிருக்கும். பெல்ட் வெயிலில் இளகி கோந்து மாதிரி ஆகியிருக்கும். ரேடியோ ரிப்பேர் தெரிந்த பழைய மெக்கானிக் யாராவது இருந்தால் சரி செய்துவிடுவார். ஊசி மட்டும் புதுசாக போட வேண்டும். தேய்ந்த ஊசி தட்டுக்கு எமன்.

முக்கியமான விஷயம், எல்.பி. ஊசி வேறு, 78 தட்டு ஊசி வேறு. 78 தட்டின் பள்ளம் சுமார் 3 மடங்கு அகலம். எல்.பி. ஊசியை அதில் வைத்தால் பள்ளத்து அடியில் இருக்கும் அழுக்கில் உரசிக்கொண்டு ஓடும். பாட்டைவிட இரைச்சல்தான் கேட்கும். சாவி கொடுக்கும் பெட்டியில் போடும் இரும்பு ஊசியை ஒரு பக்கம் பாடியதும் தூக்கி போட்டுவிட வேண்டும். அதே இரும்பு ஊசியில் எல்.பி.யை வைத்தால் ஒரே தடவையில் தட்டு நாசம்.

ஸ்பிரிட் வேண்டாம்

அழுக்கு தட்டை துடைக்க நிறைய பேர் ஸ்பிரிட் எடுக்கிறார்கள். 78 தட்டில் ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்து பாட்டே அழிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு லிக்விட் சோப்பு கலந்து, மெல்லிய துணியால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாக துடைத்தால் போதும். குறுக்கே தேய்க்கக்கூடாது. நடு லேபிளில் தண்ணீர் படக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு முறை துடைத்து நிழலில் காய வைக்க வேண்டும். வெள்ளையாக படர்ந்திருப்பது பெரும்பாலும் பூஞ்சைதான். துடைத்தால் போய்விடும். அதை பார்த்து பயந்து தூக்கி எறிய வேண்டாம்.

தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக படுக்க போட்டால் அடியில் இருப்பது வளைந்துவிடும். புத்தகம் மாதிரி நேராக நிறுத்தி அடுக்க வேண்டும். ஓட்டு வீடு, தகர கூரை வீட்டு பரணில் மதுரை சித்திரை வெயிலுக்கு எல்.பி. அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். கீழ்த்தட்டு அலமாரிதான் நல்லது.

தட்டில் இருப்பதை கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைப்பதும் இப்போது சுலபம். ஒலிப்பதிவுக்கு சட்டப்படி உரிமை, வெளியான ஆண்டு முடிந்ததில் இருந்து 60 ஆண்டுகள். அதற்கு பிறகும் பாட்டு எழுதியவர், இசை அமைத்தவர் உரிமை தனியாக இருக்கும், அது அவர்கள் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் வரை. வீட்டில் கேட்க பதிவு செய்வது வேறு, பொதுவில் ஏற்றுவது வேறு என்பதை கவனிக்க வேண்டும். பதிவு செய்யும்போது லேபிளில் இருக்கும் நம்பரையும், நடுவில் பள்ளம் முடியும் இடத்தில் பொறித்திருக்கும் சின்ன எழுத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த தட்டு, எப்போது பதிவானது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பது அந்த நம்பரை வைத்துத்தான்.

ஓரம் உடைந்த 78 தட்டையும் வீசிவிட வேண்டியது இல்லை. உடைப்பை தாண்டி ஊசியை வைத்தால் மீதி பாட்டு பாடும். விரிசல் விட்ட தட்டுகூட டக் டக் என்ற சத்தத்தோடு ஓடும், அந்த சத்தத்தை மட்டும் கம்ப்யூட்டரில் நீக்கலாம். இரண்டாக உடைந்த தட்டை வெளிநாடுகளில் ஒட்ட வைத்து பாட்டை எடுத்திருக்கிறார்கள். அதனால் உடைந்த துண்டுகளையும் ஒரே கவரில் போட்டு வைப்பது நல்லது.